கார் சாகவில்லை, அண்ணே

டத்தோ கெராமாட், ஜார்ஜ்டவுன்
5 மார்ச் 2025

அண்ணே,

உங்கள் நம்பரை என் போனில் அடைத்துவிட்டேன். மூன்று நாளாக அழைத்துப் பார்த்து உங்களுக்கே தெரிந்திருக்கும். அதனால் இந்தக் கடிதம். அண்ணி தினமும் அக்கரையிலிருந்து ஃபெர்ரி ஏறித் தீவின் லிட்டில் இந்தியாவுக்கு வேலைக்கு வருவது நல்லதாகப் போயிற்று. அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை, ஒட்டினாலும் அண்ணி பிரித்துப் படிப்பார். (வணக்கம் அண்ணி.)

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பட்டறைக்குக் காரைக் கொண்டுவந்தது தங்கச்சியாகத்தான். மீட்டரில் சிவப்பு முக்கோணம் எரிகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை, என்னவென்று பாருங்கள் என்றேன். நீங்கள் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தீர்கள். பிறகு அங்கே நின்றுகொண்டிருந்த மூன்று ஆட்களின் பக்கம் திரும்பி, "லேப்ல பாட்டில் கழுவுறவங்க ஹைபிரிட் வாங்குனா இப்படித்தான்லா. இது செத்துப்போச்சி. இரும்புக் கடையில போடு, அம்மாவ இங்க கொண்டாந்து விடு" என்றீர்கள். அவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு நான் பொறுப்பாளர். பாட்டிலும் கழுவுகிறேன்தான். அதை விடுங்கள். என்னைச் சுட்டது கடைசி வாக்கியம். செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் காலை ஆறரைக்கு அம்மாவை ஆயர் ஈத்தாம் டயாலிசிஸ் மையத்தில் விடவேண்டும். நான்கு மணி நேரம் கழித்து, ரத்த அழுத்தம் இறங்கித் துவண்டு வருபவரைப் பின் சீட்டில் படுக்க வைத்துக் கூட்டி வரவேண்டும். இந்தக் கார் இல்லையென்றால் என்னால் முடியாது. அது உங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் செத்துப்போச்சு என்று சொன்னீர்களோ என்று இழுவை லாரியில் பாலம் தாண்டும்போது எனக்குத் தோன்றியது. தோன்றியதை மறைக்காமல் எழுதிவிட்டேன்.

காமினி


பாகான் டாலாம்
7 மார்ச் 2025

தங்கச்சி காமினிக்கு,

அண்ணன் எழுதுவது. எனக்குத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு எழுத்து முடிந்தது. பிழை இருந்தால் திருத்திக்கொள்.

நான் சிரித்தது தப்பு. ஆனால் சொன்னது தப்பில்லை. பதின்மூன்று வருடக் கார். பெரிய பேட்டரி போய்விட்டால் அந்தக் காரில் ஒன்றும் இல்லை. முப்பது வருடமாக வண்டி பார்க்கிறேன். நாடி பிடித்துப் பார்க்காமலே தெரியும்.

அம்மா விஷயம். பட்டர்வொர்த் மையத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. என் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். நர்ஸிடம் நான் கெஞ்சி வாங்கி வைத்திருக்கிறேன். 29ஆம் தேதி சனிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இங்கே கீழ் அறை இருக்கிறது. உன் அண்ணி லெட்சுமி இருக்கிறாள். நீ தனி ஆள். உனக்கு ஏதாவது ஒன்று ஆனால் அம்மாவை யார் பார்ப்பது? இதைக் கேட்டால் சதி என்கிறாய்.

29ஆம் தேதிக்குள் உன் கார் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஓடினால் நான் வாயைத் திறக்கமாட்டேன். ஓடாது.

முனுசாமி

அண்ணி எழுதுவது: காமினி, நான் படிக்கவில்லை. உறை தானாகத் திறந்துகொண்டது.


டத்தோ கெராமாட்
12 மார்ச் 2025

அண்ணே,

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி வாயால் தெரிந்து நீங்கள் சிரிப்பதைவிட என் கையால் எழுதுவது மேல்.

பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் என்பதால் இந்தக் காரில் இரண்டு பேட்டரி. பின் சீட்டுக்குப் பின்னால் பெரியது. சாமான் வைக்கும் பின் பெட்டியில் ஓர் ஓரமாக, சாதாரணக் கார்களில் இருப்பதைப் போலச் சின்னது. சின்னது பலவீனமானால் கம்ப்யூட்டர் குழம்பிக் கண்ட விளக்கையும் எரிய விடும் என்று படித்தேன். அளந்து பார்த்தேன். பதினொன்றரை வோல்ட்தான் இருந்தது. புதியது வாங்கி மாட்டியதும் முக்கோணம் அணைந்தது. சனிக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன். ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிப் பாட்டுக்கூடப் பாடினேன், அண்ணே. திரும்பும் வழியில், ஆயர் ஈத்தாம் சந்தைக்கு முன்னால் நெரிசலில் நிற்கும்போது முக்கோணம் மறுபடி வந்தது. பிறகு காரே நின்றுவிட்டது.

வேறு வழியின்றிப் போனில் வாடகைக் கார் கூப்பிட்டேன். அம்மா அதில் வாந்தி எடுத்துவிட்டார். ஓட்டுநர் கத்தினான். அம்மா தன் முந்தானையாலேயே சீட்டைத் துடைத்தார். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "இனிமே அடுத்தவன் காருல ஏறமாட்டேன். செத்தாலும் சவ வண்டியிலதான்."

உங்கள் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். "நான் என்ன பார்சலா? அவன் அனுப்புங்கறான், நீ தரமாட்டேங்கற" என்றார். எங்கே இருக்க ஆசை என்று கேட்டேன். "என் பாத்ரூமு இங்க இருக்கு, என் சீரியல் கூட்டாளிங்க இங்க இருக்காங்க. அங்க போனா உங்கண்ணன் என்னைய நிமிஷத்துக்கு ஒருக்கா சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு கேப்பான்" என்றார். உங்கள் மேல் கோபம் இல்லை. இங்கே இருக்கவேண்டும் என்பதுதான் அவர் பதில். செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்து ஒரு சக ஊழியையின் காரில் போனோம். எத்தனை நாள் கேட்க முடியும்?

எங்கள் கல்லூரியில் மின்னியல் விரிவுரையாளர் ஹைதர். நேற்று அவர் ஒரு சின்னக் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிப் போனில் படித்துக் காட்டினார். பெரிய பேட்டரிதான் கோளாறு. அந்த வரையில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் பெரிய பேட்டரி என்பது ஒற்றைப் பொருள் இல்லை. உள்ளே இருபத்தெட்டு மாட்யூல்கள், புத்தக அலமாரியில் புத்தகங்கள் நிற்பதுபோல வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு சோர்ந்தாலும் கம்ப்யூட்டர் மொத்தத்தையும் செத்ததாகச் சொல்லிவிடுமாம். ஒன்றிரண்டா, இருபத்தெட்டுமா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை திறக்கப்போகிறேன்.

காமினி


பாகான் டாலாம்
14 மார்ச் 2025

காமினி,

திறக்காதே.

அதில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. வீட்டுக் கரண்ட் மாதிரி உதறிவிடாது, பிடித்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஒருத்தன், பெயர் வேண்டாம், அந்தக் கரண்ட் ஓடும் ஆரஞ்சு வயரில் கை வைத்து மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் கெட்டிக்கார மெக்கானிக். நீ மெக்கானிக்கும் இல்லை.

கார் போனால் போகட்டும். அம்மாவுக்கு நீ வேண்டும். எனக்கும்.

நான் வந்து தடுப்பேன் என்று நினைக்காதே. வந்தால் நீ கதவைத் திறக்கமாட்டாய் என்று தெரியும். எழுதத்தான் முடியும். திறக்காதே.

முனுசாமி


டத்தோ கெராமாட்
17 மார்ச் 2025

அண்ணே,

திறந்தேன். இரண்டு கையும் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன.

உங்கள் கடிதத்தை வெள்ளிக்கிழமை மாலையே அண்ணி கொடுத்தார். "எனக்கும்" என்று தனியாக ஒரு வார்த்தை எழுதியிருந்தீர்களே, அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் எழுதுகிறேன். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். கடிதத்தில் முறை வைத்துப் பேச முடிகிறது.

பயம் இல்லாமல் செய்யவில்லை. ஹைதர் கூடவே நின்றார். உயர் மின்னழுத்தத்துக்கென்றே சோதித்து முத்திரையிட்ட ரப்பர் கையுறை கொண்டுவந்திருந்தார். என் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். முதலில் சின்ன பேட்டரியின் வயரைக் கழற்றினோம். பிறகு பெரிய பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புப் பிளக்கைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். மீட்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் திருகாணியைத் தொட்டேன். ஆய்வுக்கூடத்தில் அமிலத்துக்கு முன்னால் நிற்கிறேனே இருபது வருடமாக, அதே பழக்கம்தான். அவசரப்படாமல் இருப்பது மட்டுமே எனக்குத் தெரிந்த வித்தை.

அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை செய்தார். "தம்பி, கழட்டுன நட்ட எண்ணி வச்சிக்க. இவங்கண்ணன் சின்னதுல ரேடியோவ கழட்டிட்டு மூணு நட்டு மிச்சம் வச்சான்." ஹைதர் சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டார்.

இனி முக்கியமானது. மாட்யூல் ஒவ்வொன்றாக ஹெட்லைட் பல்பை இரண்டு நிமிடம் எரியவிட்டு, வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தோம். இருபத்தாறு மாட்யூல்கள் ஏழரைக்குப் பக்கத்தில் உறுதியாக நின்றன. பதின்மூன்றாவது ஐந்தே முக்காலுக்கு விழுந்தது. பதினான்காவது ஆறு. அவை இரண்டும்தான், அண்ணே. மற்ற எல்லாமே நலம். அந்தத் தாளை நான் மூன்று முறை சரிபார்த்தேன். எண்கள் மாறவில்லை.

ஏன் நடுவில் இருப்பவை மட்டும்? சூடு. நடுவில்தான் சூடு சேர்கிறது. பேட்டரியைக் குளிர்விக்க ஒரு காற்றாடி இருக்கிறது. அதைக் கழற்றினால், பூனைக்குட்டி ஒன்று சுருண்டு படுத்திருப்பதைப் போலச் சாம்பல் நிறத்தில் பஞ்சு. டயாலிசிஸ் முடிந்து அம்மாவுக்குக் குளிருமே, போர்த்திவிடுகிற கம்பளி, அதன் நூல். அந்தக் காற்றாடி காருக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. அம்மாவுக்குக் குளிர்கிறது என்று நான் ஏர்கான் போடுவதே இல்லை. பினாங்கு வெயிலில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேகிற காற்றில் அந்தப் பேட்டரியை ஒரு வருடம் அவித்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுதலாமா என்று இருமுறை பேனாவை எடுத்து வைத்துவிட்டேன். பிறகு பார்க்கலாம்.

இப்போது எனக்கு இரண்டு நல்ல மாட்யூல்கள் வேண்டும். எங்கே தேடுவது என்று தெரியவில்லை. இன்னும் பன்னிரண்டு நாள்.

காமினி


பாகான் டாலாம்
21 மார்ச் 2025

தங்கச்சி,

அந்த இன்னொரு காரணம் எனக்குத் தெரியும். மெத்தை.

நீ எழுதாமல் விட்டதால்தான் யோசித்தேன். அதே மாதிரிக் கார் ஒன்று முகம்மதுவின் பழைய பாகங்கள் கடையில் கிடக்கிறது. போய்ப் பின் சீட்டைப் பார்த்தேன். சீட்டின் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கம்பி ஜன்னல். பேட்டரிக்கு மூச்சு அதன் வழியாகத்தான் போகிறது. போன தீபாவளிக்கு அம்மா படுக்க நான் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தேனே பஞ்சு மெத்தை, இண்டு இடுக்கு இல்லாமல் கச்சிதமாக உட்காரவேண்டும் என்று ஓரத்தில் ஒரு துண்டு கூடுதலாக வைக்கச் சொன்னேன். அந்தத் துண்டு சரியாக ஜன்னலின் மேல் உட்காருகிறது. அடைத்தது நான்.

முகம்மதுவிடம் சொன்னேன். "தங்கச்சி காருக்குத் தலகாணி வச்சி அமுக்கிட்டீங்க அண்ணே" என்றான். சிரிக்கட்டும். நான் சிரித்த கணக்குக்குச் சரி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்றைக்கு நான் பானட்டைக்கூடத் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். ஏன் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. காமினி, நான் ஒரு ஹைபிரிட்டைக்கூடத் திறந்ததில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தவன் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த கூட்டாளி. அவனைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ஆரஞ்சு வயரைக் கண்டால் என் கை பின்னால் போகிறது. ஆறு வருடமாக எந்த ஹைபிரிட் வந்தாலும் செத்துப்போச்சு என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். எத்தனை கார் சாகாமல் செத்ததோ. உன்னிடம் பொய் சொல்லி அம்மாவை எடுத்துக்கொள்ள நினைக்கவில்லை. தெரியவில்லை என்று மூன்று ஆட்களுக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

முகம்மது அந்தக் காரின் பேட்டரியைப் பிரித்துக் கொடுத்தான். நீ எழுதியபடியே பல்பு வைத்து அளந்தேன். எட்டு மாட்யூல் பார்த்ததில் மூன்று தேறின. ஒன்று உபரிக்கு. லெட்சுமி தன் சாப்பாட்டு மங்குச் சட்டிப் பையில் வைத்துக் கொண்டுவருகிறாள். முனைகளை ரப்பரால் மூடியிருக்கிறேன். நேரே உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

முனுசாமி

அண்ணி எழுதுவது: மூன்று கிலோ கனம்! ஃபெர்ரியில் பக்கத்து சீட்டுக் கிழவர் "என்னம்மா சமையலு?" என்று கேட்டார். "கார் குழம்பு" என்றேன்.


டத்தோ கெராமாட்
27 மார்ச் 2025

அண்ணே,

மாட்யூல்கள் வந்தன. அண்ணி அவற்றை என் மேசையில் வைத்த விதத்தைப் பார்த்தால் ஏதோ சீர்வரிசை வைப்பது போலிருந்தது.

புதிதாக வந்தவற்றை அப்படியே சொருகிவிடக் கூடாது. மற்ற இருபத்தாறின் அளவுக்குச் சமமாக அவையும் நிறைந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக இணைத்து ஒரு நாள் முழுக்க விட்டோம், இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுத்து ஒரே மட்டத்துக்கு வரும்வரை. இணைப்புச் செம்புத் தகடுகளில் கடற்காற்றுப் பட்டுப் பச்சை பூத்திருந்தது. வினிகரில் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். அம்மா வாங்கிப் பார்த்து, "பூசை சாமான்கூட இப்படி நீ வெளக்குனதில்லயே" என்றார்.

செவ்வாய் மாலை எல்லாவற்றையும் பூட்டினோம். பதின்மூன்றாவது, பதினான்காவது இடங்களில் நீங்கள் தேர்ந்தெடுத்தவை. ஆரஞ்சுப் பிளக்கை நான்தான் செருகினேன். பட்டனை அழுத்தினேன். மீட்டரில் ஒவ்வொரு விளக்காக அணைந்தது. முக்கோணம் கடைசியாக. பச்சையில் 'ரெடி' என்ற எழுத்து வந்தது. ஹைதர் கையைத் தட்டிவிட்டார். நான் ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அழுகை இல்லை, அண்ணே. பத்து வயதில் உங்கள் சைக்கிளை உங்களுக்குத் தெரியாமல் எடுத்து விழாமல் ஒரு சுற்றுச் சுற்றிவந்த அன்று இருந்த மாதிரி இருந்தது.

ஆனால் முதல் முறையும் பாடிவிட்டுத்தானே ஏமாந்தேன். அதனால் புதன்கிழமை தனியாக ஓட்டினேன். ஆயர் ஈத்தாம் ஏற்றம், பிறகு தஞ்சோங் பூங்கா வரை, மதிய வெயிலில். இத்தனை நாள் சக ஊழியையின் காரில் போய்வந்தோம், இன்று நம் காரிலேயே அம்மாவோடு மையத்துக்கு. மெத்தையை எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு முன் சீட்டைச் சாய்த்து, அந்தப் பக்கத்துக் காற்றுத் துளைகளை மூடிவிட்டு, கம்பளியும் போர்த்தினேன். பின்னால் ஏர்கான் குளிர்ச்சி பேட்டரிக்கு. போகவர ஒரு சிணுங்கல்கூட இல்லை.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் நேரே பாலம் ஏறி உங்கள் வீட்டுக்கு வருகிறோம். நோன்புப் பெருநாளுக்கு ஊர் போகிற கூட்டம், பாலத்தில் நெரிசல் கடுமையாக இருக்கும். போன முறை நெரிசலில்தான் நின்றது. இதைவிடப் பெரிய சோதனை எனக்குத் தெரியவில்லை. பாலத்தின் நடுவில் நின்றுவிட்டால் நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அம்மா உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அம்மாவிடமும் கேட்டேன். "ஏறு, பாத்துக்கலாம்" என்றார்.

காமினி


பாகான் டாலாம்
30 மார்ச் 2025

தங்கச்சி காமினிக்கு,

நீயும் அம்மாவும் நேற்றுச் சாயந்திரம்தான் போனீர்கள். அதற்குள் எழுதுகிறேன் என்று லெட்சுமி கேலி செய்கிறாள். உன்னிடம் நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன்.

நேற்று மதியம் பன்னிரண்டிலிருந்து பட்டறை வாசலில் நின்றேன். ஒன்றரை மணி நேரம் பாலம் நகரவில்லை என்று ரேடியோவில் சொன்னான். இழுவை லாரிக்காரனைத் தயாராக இருக்கச் சொல்லி வைத்திருந்தேன். மனதுக்குள் என்ன வேண்டினேன் என்று கேட்காதே. இந்த மாதத் தொடக்கத்தில் நீ தோற்கவேண்டும் என்று நினைத்தவன்தான் நான். நேற்று அந்த வெயிலில் நின்றுகொண்டு, ஓடு, ஓடு, நின்றுவிடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி சுமாருக்கு நான் உள்ளே தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் என் முதுகுக்குப் பின்னால் கார் நிற்கிறது. இன்ஜின் ஓடாமல், பேட்டரியிலேயே சந்துக்குள் வந்திருக்கிறாய். முன் சீட்டில் அம்மா, வாயைத் திறந்து தூக்கம். பாலம் முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்தார் என்றாய். எழுந்ததும் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "ஏன்டா முனுசாமி, செத்த கார்னியே, எது?"

அன்றைக்குச் சிரித்த மூன்று பேரில் இரண்டு பேர் அங்கேதான் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு, "பேட்டரியத் திறந்து சரி பண்ணது என் தங்கச்சி. எனக்குத் தெரியாத வேல" என்று சொன்னேனே, அப்போது நீ ஏன் தலையைக் குனிந்தாய்? குனியாதே.

நீங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது நான் வெளியே போன காரணம் இது. பட்டர்வொர்த் மையத்துக்குப் போன் போட்டேன். நேற்றுதான் கடைசி நாள். நர்ஸ் எடுத்தார். எங்கள் அம்மாவுக்கு அந்த இடம் வேண்டாம், அவர் தீவிலேயே மகளோடு இருக்கிறார் என்றேன். அப்படியா, சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, அடுத்து யார் என்று பட்டியலைப் பார்த்தார். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு மனிதராம். எட்டு மாதமாகக் காத்திருக்கிறார், வாரம் மூன்று தடவை தூரத்து மையத்துக்கு பஸ் ஏறிப் போய்வருகிறாராம்.

"இப்பவே அவருக்குப் போன் அடிக்கிறேன் அண்ணே" என்றார் நர்ஸ். நான் போனை வைத்துவிட்டு வாசற்படி ஏறினேன். உள்ளே நீயும் அம்மாவும் லெட்சுமியும் எதற்கோ பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

முனுசாமி